குச்சியைப் பார்த்து ஆளைச் சொல்லும் கருவி

சென்ற இதழில் புகையிலையை எரிக்காமல் சூடேற்றிப் புகைக்கும் மின் கருவிகளைப் பற்றி எழுதும்போது, புகையிலை அடைத்த குச்சியைச் செருகியதும் அது எந்த ரகம் என்று சில கருவிகள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொள்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் மைத்துனர் இப்படி ஒரு கருவி வைத்திருக்கிறார். அதற்கான குச்சியைப் போட்டால் வேலை செய்கிறது. அதே நீளம், அதே பருமனில் வேறு கம்பெனி குச்சியைப் போட்டால் சிவப்பு விளக்கு இரண்டு தரம் சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. உள்ளே கேமரா வைத்திருக்கிறார்களா ஐயா?

பதில்: கேமரா என்று சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை, படமெல்லாம் பிடிப்பதில்லை. பொடியாக ஒரு எல்.இ.டி., பக்கத்திலேயே வெளிச்சத்தை அளக்கும் ஒரு போட்டோடயோடு. எல்.இ.டி. குச்சியின் தாள்மேல் ஒளி அடிக்கும், திரும்பி வருவது எவ்வளவு என்று டயோடு அளக்கும். வெள்ளைத் தாள் நிறையத் திருப்பி அனுப்பும், கருப்புக் கோடு விழுங்கிவிடும். பில் போடும் இடத்தில் பார்கோடு படிக்கிறார்களே, அதே சங்கதிதான், கட்டைவிரல் பருமனுள்ள குழாய்க்குள் அடங்குகிற மாதிரி சுருக்கியிருக்கிறார்கள்.

பழுதாகி மூலையில் கிடந்த ஒன்றை நண்பர் ஒருவர் கொடுத்தார், பேட்டரியை முதலில் கழற்றி எடுத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். குச்சி நுழைகிற வாய்க்குச் சற்றுக் கீழே கடுகளவு ஒரு பிளாஸ்டிக் சன்னல். அதற்குப் பின்னால் பலகையில் இரண்டு பொட்டுகள், ஒன்று தண்ணீர் மாதிரித் தெளிவு, இன்னொன்று கன்னங்கரேல். கருப்பைப் பார்த்து எரிந்துபோய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். அதுதான் டயோடு. அகச்சிவப்பை மட்டும் உள்ளே விட்டு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுக்கிற கருப்புப் பிசினால் மூடியிருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, சின்னச் சின்னச் சிக்கல்களை அவிழ்த்திருக்கும் விதம். நீங்கள் குச்சியை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவீர்கள் என்று கருவிக்குத் தெரியாது, அதனால் அடையாளத்தை ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடிக்காமல் வளையல் மாதிரி சுற்றி அச்சடித்துவிட்டால் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். நீங்கள் மெதுவாகச் செருகலாம், அவசரத்தில் ஒரே தள்ளாகத் தள்ளலாம், அதனால் ஒரு கோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பதில் பிரயோஜனமில்லை. முதல் கோட்டைவிட அடுத்த கோடு எத்தனை மடங்கு அகலம் என்று விகிதம் பார்த்தால் வேகம் எதுவானாலும் ஓரளவு கணக்கு தப்பாது. குச்சி முழுசாக உள்ளே போய் நின்ற பிறகு படிப்பது இன்னொரு வழி, அதற்கு ஒரு கண் போதாது, வளையத்துக்கு ஒரு கண்ணாக வரிசையில் வைக்க வேண்டும். அப்புறம் வெயில். வெட்ட வெளியில் நின்று செருகினால் சூரிய வெளிச்சம் துளைக்குள் போய் அளவைக் குழப்பும் அல்லவா? எல்.இ.டி.யை அணைத்து ஒரு தரம், எரியவைத்து ஒரு தரம் அளந்து, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட்டால் வெயில் கணக்கிலிருந்து போய்விடும். இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

கேள்வி: நான் குச்சியை உருட்டி உருட்டிப் பார்த்தேன், கம்பெனி பெயரைத் தவிர ஒரு கோடும் இல்லையே? சும்மா சொல்கிறீர்களா?

பதில்: சும்மா சொல்லவில்லை. எல்லாக் குச்சியிலும் கோடு இருக்கும் என்றும் சொல்லவில்லை. தாளின் நிறத்தை மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து அளந்து ரகம் கண்டுபிடிக்கும் வழியும் உண்டு. கோடே இருந்தாலும் அது உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லேசர் பிரின்டரின் கருப்புப் பொடியில் இருப்பது கார்பன், அது அகச்சிவப்பு ஒளியிலும் கருப்பாகவே தெரியும். இன்க்ஜெட் பிரின்டரில் வருகிற சாயக் கருப்பு நம் கண்ணுக்கு அதே கருப்புதான், ஆனால் அகச்சிவப்பில் பார்த்தால் பெரும்பாலும் காணாமல் போய்விடும், தாள் வெறுமையாக இருக்கும். இதையே திருப்பிப் போட்டால், கண்ணுக்குத் தெரியாமல் அகச்சிவப்பில் மட்டும் இருட்டாகத் தெரிகிற மையும் செய்யலாம், செய்கிறார்கள். வெறும் வெள்ளைத் தாளாக நீங்கள் பார்ப்பது கருவிக்கு வரிவரியாக எழுதிய தாளாகத் தெரியலாம்.

உங்கள் கருவியின் கண் அகச்சிவப்பா என்று வீட்டிலேயே பார்க்கலாம். செல்போனின் முன்பக்கக் கேமராவை டி.வி. ரிமோட்டின் மூக்குக்கு நேரே வைத்து ஒரு பொத்தானை அழுத்துங்கள், ஊதா கலந்த வெள்ளையில் ஒரு மினுக்கல் தெரிந்தால் அந்தக் கேமராவுக்கு அகச்சிவப்பு தெரிகிறது என்று அர்த்தம். அதே கேமராவை இருட்டில் கருவியின் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு இயக்குங்கள். பின்பக்கக் கேமராக்களில் பெரும்பாலும் அகச்சிவப்பைத் தடுக்கிற வடிகட்டி இருக்கும், அதில் தெரியவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: சூடு பண்ணுகிற கருவிக்கு, உள்ளே இருப்பது எந்தக் குச்சி என்று எதற்குத் தெரிய வேண்டும்? வியாபாரத் தந்திரம்தானே?

பதில்: தந்திரமும் உண்டு, தேவையும் உண்டு. தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண சிகரெட்டின் கங்கு, இழுக்கும் நேரத்தில் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். இந்தக் கருவிகள் புகையிலையை 350 டிகிரி அல்லது அதற்குக் கீழே வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. எரியவும் கூடாது, ஆவி வராமலும் இருக்கக் கூடாது என்கிற நடுவாந்திர இடம் அது. புகையிலையின் ஈரம், கிளிசரின் எவ்வளவு, நறுக்கிய விதம், தாளின் தடிமன், எல்லாம் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு ரகத்துக்கு சீக்கிரம் சூடேற்றிப் பிறகு இறக்க வேண்டியிருக்கும், இன்னொன்றுக்குப் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும். தோசைக்கு வைத்த கல்லிலேயே ஊத்தப்பம் ஊற்றினால் தீயைக் குறைக்கிறோமா இல்லையா? உள்ளே இருப்பது எது என்று தெரிந்தால்தான் எந்தப் பட்டியல்படி சூடேற்றுவது என்று கருவி தேர்ந்தெடுக்க முடியும். குச்சியே இல்லாமல் வெறும் துளையைச் சூடேற்றாமலிருப்பதும், யாரோ வேடிக்கைக்குச் செருகிய காகிதச் சுருளைக் கருக்காமலிருப்பதும் இதே கண்ணின் வேலைதான்.

இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன். கருவியை ஒரு தரம் விற்கிறார்கள், குச்சியைத் தினமும் விற்கிறார்கள். தினமும் விற்பது தங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று நினைக்காத கம்பெனி உண்டா? பிரின்டர் மைப்பெட்டியில் சில்லு வைத்தார்கள். காபி இயந்திரங்களில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். 2014ல் கியூரிக் கம்பெனி தன் 2.0 காபி இயந்திரத்தில், ஒரு கோப்பைக்கான காபித்தூள் அடைத்த சின்னக் குடுவையின் மூடியில் இருக்கும் விசேஷ மையை ஒளியால் படித்து, மை இல்லாவிட்டால் காபி போட மறுக்கிற ஏற்பாட்டைச் செய்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பழைய அசல் மூடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி செலோடேப் போட்டு ஒட்டினார்கள், இயந்திரம் அடங்கிவிட்டது. சொந்தக் காபித்தூளைப் போட்டுக்கொள்ளும் மறுபயன்பாட்டுக் குடுவைக்கு அந்த இயந்திரத்தில் இடமில்லாமல் செய்தது தப்பு என்று அடுத்த வருடமே கம்பெனித் தலைமை ஒப்புக்கொண்டு, அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே 2014ல் நெஸ்பிரெஸ்ஸோவின் வெர்ச்சுவோ இயந்திரமும் வந்தது. அதில் குடுவையின் விளிம்பைச் சுற்றி பார்கோடு இருக்கும், இயந்திரம் குடுவையைச் சுழற்றிக்கொண்டே அதைப் படித்து, தண்ணீர் எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த வேகம் என்று முடிவு செய்யும். முதலாவதில் ஜனங்கள் காவல்காரனைப் பார்த்தார்கள், இரண்டாவதில் சமையல்காரனைப் பார்த்தார்கள். இரண்டிலும் வேலை செய்தது ஒரே வகைக் கண். உங்கள் மைத்துனர்கள் கையில் இருக்கும் கருவியில் இரண்டு பேரும் ஒரே அறையில் குடியிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

கேள்வி: கோட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் கருவி ஏமாந்துவிடுமா?

பதில்: இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும், காபி மூடிக் கதையைச் சொன்னது என் தப்பு. கோட்டை மட்டும் பார்க்கிற கருவி ஏமாறத்தான் செய்யும். அதனால்தான் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். தாளிலேயோ மையிலேயோ ஒளிரும் பொருள் ஒன்றைத் துளியூண்டு கலந்துவிடுவது, பணத்தாளைப் புற ஊதா விளக்கில் காட்டினால் சில இழைகள் மின்னுகின்றனவே அந்த மாதிரி. கருவி ஒரு நிறத்தில் ஒளி அடிக்கும், அந்தப் பொருள் வேறு நிறத்தில் ஒளிரும். இன்னும் கெட்டிக்காரத்தனமாக, அடித்த ஒளியை அணைத்துவிட்டு, அதன் பிறகு மினுக்கல் எத்தனை மில்லிவிநாடியில் மங்குகிறது என்று அளக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் மங்குகிற வேகம் ஒன்று உண்டு, ஜெராக்ஸ் மிஷினுக்கு அதைப் பிரதியெடுக்கத் தெரியாது. புகையிலைக் கம்பெனிகளின் காப்புரிமை விண்ணப்பங்களில் இந்த மாதிரி யோசனைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. விண்ணப்பத்தில் இருப்பதெல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது வேறு விஷயம்.

ஒட்டிப் பார்க்கிற ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று. ஒட்டியது பசையும் செலோடேப்பும். அது போகிற இடம் முந்நூறு டிகிரி. அந்த ஆவியை இழுக்கப்போவது நீங்கள்.

கேள்வி: ஒரே குச்சியை இரண்டாம் தரம் போட்டால் கண்டுபிடித்துவிடுகிறதே, எப்படி?

பதில்: எல்லாக் கருவியும் கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடிக்க ஒளியில் இரண்டு வழி இருக்கிறது. சூடானால் நிறம் மாறி, ஆறினாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாத மையில் அடையாளம் போடுவது ஒன்று. மேலே சொன்ன ஒளிரும் பொருளையே, சூடு பட்டால் ஒளிர்வது நின்றுபோகிற மாதிரித் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. இவை இல்லாவிட்டாலும், சூடேறிய குச்சியின் தாள் பழுப்பேறி விடும், திரும்பி வரும் ஒளி குறையும். இரண்டாம் தரம் போட்டால் காய்ந்த புகையிலை கருகின வாசனையோடு வரும், அதைத் தடுக்கத்தான் என்பார்கள். இரண்டாம் தரம் போட்டால் ஒரு குச்சி குறைவாக விற்கும் என்பதை என்னவோ சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது அசல் குச்சியையே நாலில் ஒன்றைத் தள்ளிவிடுகிறது. பெட்டியே போலியா, கருவி போய்விட்டதா?

பதில்: இரண்டும் இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். சன்னல் அழுக்காகியிருக்கும். ஆவி என்பது வெறும் காற்று இல்லை, அதில் கிளிசரின் இருக்கிறது, நிகோட்டின் இருக்கிறது, குளிர்ந்த இடத்தில் எல்லாம் பிசுபிசுவென்று படியும். நான் பிரித்ததில் அந்தக் கடுகுச் சன்னல்மேல் தேன் நிறத்தில் ஒரு படலம், நகத்தால் வழித்தால் வருகிற அளவுக்கு. படலம் சேரச்சேர வெள்ளையும் கருப்பும் ஒரே சாம்பலாகத் தெரிய ஆரம்பிக்கும், கருவி குழம்பும். நல்ல வடிவமைப்பாக இருந்தால், காலித் துளையில் வருகிற அளவை அவ்வப்போது பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அதற்கும் ஒரு எல்லை உண்டு.

கருவி முழுசாக ஆறட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுச் சுற்றித் துடையுங்கள், பஞ்சு பழுப்பில்லாமல் வரும்வரை. பிறகு நன்றாக உலரவிட்டுத்தான் இயக்க வேண்டும், ஆல்கஹால் தீப்பற்றும். ஊசி, சேஃப்டி பின் எதையும் உள்ளே விடாதீர்கள், சன்னலில் ஒரு கீறல் விழுந்தால் அது எப்போதும் ஒரு கோடாகவே தெரிந்துகொண்டிருக்கும். தண்ணீரில் கழுவுகிற யோசனை வந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துடைத்தும் சரியாகாவிட்டால் குச்சியைப் பாருங்கள். திறந்து வைத்த பெட்டியில் ஈரம் ஏறி ஊதிப்போன குச்சி பாதி வழியில் நின்றுவிடும், வளையம் கண்ணுக்கு நேராக வராது.

கேள்வி: ஒளி இல்லாமல் அடையாளம் காண வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. ஐகாஸ் என்கிற புகையிலை சூடேற்றும் கருவி 2014ல் ஜப்பானின் நகோயாவிலும் இத்தாலியின் மிலானிலும் முதலில் விற்பனைக்கு வந்தபோது, நடுவில் ஒரு தகடு குச்சிக்குள் குத்திச் சூடேற்றியது. 2021ல் வந்த அதன் இலூமா வகையில் தகடு குச்சிக்குள்ளேயே போய்விட்டது, வெளியிலிருந்து தூண்டல் முறையில், இன்டக்ஷன் அடுப்பு மாதிரி, அதைச் சூடாக்குகிறார்கள். பழைய குச்சியில் உலோகம் இல்லை, போட்டால் சூடேற வழியே இல்லை. கண் வைக்காமலே கதவு சாத்திவிட்டார்கள். திரவம் நிரப்பிய குடுவை போடுகிற வேப் கருவிகளில் சில்லும் மின் தொடுமுனையும் வைப்பார்கள். ஒளியின் வசதி என்னவென்றால், குச்சியின் பக்கம் கொஞ்சம் மை மட்டும் போதும், சில்லு மாதிரி செலவில்லை, குப்பையில் போடுகிற பொருளுக்கு அதுதானே தோது.

கேள்வி: ஐரோப்பாவில் ஒவ்வொரு பெட்டிக்கும் அரசாங்கம் ரகசிய எண் போடுகிறது என்கிறார்கள். கருவி படிப்பது அதைத்தானா?

பதில்: இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடத்தலைப் பிடிக்க, பெட்டிக்குப் பெட்டி தனி எண் போடும் முறை சிகரெட்டுக்கும் கையால் சுருட்டிக்கொள்ளும் புகையிலைக்கும் 2019 மே 20 முதலும் மற்ற புகையிலைப் பொருள்களுக்கு 2024 மே 20 முதலும் இருக்கிறது. அது பெட்டியின் மேல், அதிகாரிகளும் மொத்த வியாபாரிகளும் படிப்பதற்கு. குச்சியின் மேல் இருக்கும் வளையம் ரகத்தைத்தான் சொல்லும், அந்த ரகத்தில் கோடிக் குச்சிக்கும் அதே வளையம்தான். அதனால் நீங்கள் இன்று எத்தனை குச்சி பிடித்தீர்கள் என்று வளையத்துக்குத் தெரியாது. ஆனால் கருவிக்குத் தெரியும், எண்ணிக்கொள்வது அதற்குப் பெரிய வேலையில்லை. புளூடூத்தில் செல்போன் செயலியோடு சேர்த்திருந்தால் அந்த எண்ணிக்கை எங்கே போகிறது என்று செயலியின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள், படிக்க மாட்டீர்கள், நானும் படித்ததில்லை.

கேள்வி: இவ்வளவு பார்த்துப் பதமாகச் சூடாக்குவதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஜூலையில் ஐகாஸுக்கு, சிகரெட்டிலிருந்து முழுக்க மாறினால் உடம்பில் சேரும் கெடுதலான ரசாயனங்கள் குறைகின்றன என்கிற வாசகத்தோடு விற்க அனுமதி கொடுத்தது. நோய் அபாயம் குறைகிறது என்று சொல்லிக்கொள்ள அனுமதி கொடுக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் விளம்பரம் பேசுகிறவர்கள் நைசாகத் தாண்டிப் போகிறார்கள். நிகோட்டின் இருக்கிறது, பழக்கம் விடாது. கண் பார்ப்பது தாளை, உங்கள் நுரையீரலை இல்லை.

கேள்வி: என் ஒன்றரை வயதுப் பேத்தி கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து மென்றுவிட்டாள், துப்பவைத்துவிட்டோம். கவலைப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, இதை எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கும் விஷயமே இல்லை, உடனே டாக்டரிடம் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன், அதனால்தான் இதழ் வரும்வரை வைக்காமல் தனியாகவும் பதில் போட்டேன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குச்சியின் நிகோட்டினே சின்னக் குழந்தைக்கு ஆபத்து, பிடித்து முடித்த குச்சியிலும் மிச்சம் இருக்கும். தூண்டல் முறைக் குச்சியாக இருந்தால் உள்ளே உலோகத் துண்டு வேறு, விழுங்கினால் உள்ளே கிழிக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குச்சியின் மிச்சத்தையும் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: போலிக் குச்சியைக் கண்டுபிடிக்கிறதே, பதினாறு வயது மகன் எடுத்துப் புகைத்தால் கண்டுபிடிக்குமா?

பதில்: அந்தக் கண்ணால் முடியாது, அது குச்சியோடு நின்றுவிடும். செல்போன் வழியாக வயதைச் சரிபார்த்து கருவியைப் பூட்டித் திறக்கிற ஏற்பாடு தனியாக உண்டு. அமெரிக்காவில் வேப் கருவி செய்யும் ஜூல் கம்பெனி 2023ல், வயது சரிபார்க்கும் வசதியும் குடுவைக்குத் தனி அடையாளமும் சேர்த்த புதுக் கருவிக்கு எஃப்.டி.ஏ.யிடம் விண்ணப்பம் போட்டது. ஆனால் நீங்கள் பூட்டைத் திறந்து புகைத்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், அடுத்த பூட்டு விழும்வரை அது யார் கையில் இருக்கிறது என்று எந்தச் சென்சாருக்கும் தெரியாது. மேஜைமேல் வைக்காதீர்கள்.